தட்டை எங்கே கழுவுவது?

சாப்பிட்டு முடித்ததும் எங்கம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். இடது கையில் தண்ணீர் குடித்த கிளாஸ். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்கடா கழுவணும்? தண்ணி எங்க கீது?"

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கொரியாக்காரன் கடை. குளிர்சாதனம் போட்ட கடை. மேசைக்கு மேசை மஞ்சள் விளக்கு. பரிமாறிய பையன் வடகிழக்கு மாநிலத்துக்காரன், தமிழ் தெரியாது. கிழவி தட்டோடு நிற்பதைப் பார்த்து, சாப்பாட்டில் ஏதோ குறை என்று பயந்து ஓடி வந்தான். என் மகள் முகம் செத்துப்போனது. "ஆயா, வெச்சிடு. அவங்க எடுத்துக்குவாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கம்மா உட்கார்ந்தாள். ஆனால் கடையை விட்டு வெளியே வரும்வரை அந்த எச்சில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து கேட்கப்போகிறார்கள் என்பது போல.

அம்மாவுக்கு வயது 78. அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கிற கதையை எழுதத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆரணி. ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலை, இல்லாவிட்டால் அரிசி. எங்களுக்கு ஆரணி என்றால் ஆவி. விடியற்காலையில் கமண்டல நாகநதிப் பாலத்தில் நின்று பார்த்தால் ரைஸ் மில் புகைபோக்கிகள் தெரியும். நெல் அவிக்கிற வாடை ஊரெல்லாம் அடிக்கும். இன்னொரு பக்கம் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேக வைத்துப் பசை எடுப்பார்கள், அது வேறு வாடை. எங்கம்மா இருபது வருசத்துக்கு மேல் மில் களத்தில் வேலை செய்தவள். அவித்த நெல்லைக் கொட்டி, காலால் கிளறி, காய வைத்து, வாருவது. வெயிலில் களம் சுடும், கீழே நெல் சுடும். அவள் பாதம் இன்றைக்கும் தோல் செருப்பு மாதிரிதான் இருக்கும். ஊருக்கெல்லாம் புழுங்கல் அரிசி போனது அந்தப் பாதம் மிதித்துத்தான். அந்த அரிசியில் சுட்ட இட்லி எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். மற்ற நாளில் கேழ்வரகுக் களி, கூழ்.

1974. எனக்கு எட்டு வயது. காய்ச்சல் வந்து ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டு வெளியே வரும்போது நான் இட்லி கேட்டு அழுதேன். அவளுக்கு அன்றைக்கு நாள்கூலி ரெண்டு ரூபாய். மடியில் இருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டு பஜாரில் ஒரு ஓட்டலுக்குள் கூட்டிப்போனாள். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனிக் கிளாஸ், கூரையில் சொருகி வைத்திருப்பார்கள், நாமே எடுத்து நாமே கழுவி வைக்க வேண்டும். டவுனில் அப்படி இல்லை. டவுனில் நம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன? உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். இலை போட்டான். இட்லி வைத்தான். சாம்பார் ஊற்றினான். அவள் எனக்குப் பிட்டு ஊட்டினாள். ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

அப்போது மில் கணக்கப்பிள்ளை உள்ளே வந்தார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கம்மா எழுந்துவிட்டாள். இலையைச் சுருட்டாமல் அப்படியே இட்லியோடு ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முழங்கையால் என்னைத் தள்ளிக்கொண்டு, கொல்லைப் பக்கம் போனாள். அங்கே ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் எச்சில் இலைக் குவியல். நாய் ஒன்று படுத்திருந்தது. நின்றுகொண்டே எனக்கு மீதி இட்லியை ஊட்டினாள். தண்ணீர் குடித்த டம்ளரைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, சுவர் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காசு கொடுக்க மறுபடி முன்பக்கம் போனாள். கல்லாவில் இருந்தவர் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். காசுக்குத் தீட்டு இல்லை.

இந்தியாவில் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். கடையிலும் ஓட்டலிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று 15ஆவது பிரிவு சொல்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. தண்டனை கொடுக்கும் சட்டம் 1955இல் வந்தது. நாங்கள் இலையை ஏந்திக்கொண்டு எழுந்து போனபோது அந்தச் சட்டத்துக்கு 19 வயது. ஆனால் அன்றைக்கு யார் மேல் வழக்குப் போடுவது? யாரும் எங்களை எழுந்திரு என்று சொல்லவே இல்லையே. சட்டத்தால் பிடிக்க முடியாத இடத்தில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. அது அவர்கள் கண்ணிலும் இருக்கிறது, நம் முழங்காலிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஓட்டலுக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணாள், மற்றவர் என்று பிரித்து வைத்திருந்தது 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலகையில் இருந்த எழுத்து அழிந்தது பெரிய காரியம். ஆனால் எங்கள் ஊர் டீக்கடைக்குப் பலகையே கிடையாது. அங்கே எழுத்து இல்லை, கிளாஸ்தான் இருந்தது. பலகையை அழிக்க ஊரெல்லாம் திரண்டது. கிளாஸை உடைக்க நாங்கள் மட்டும்தான் போக வேண்டியிருந்தது. தனிக் கிளாஸ் பிறகு போனது. அதன் இடத்தில் பல ஊர்களில் குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் காகிதக் கப் வந்தது. தெரிந்த ஆளுக்குக் கண்ணாடிக் கிளாஸ், எங்களுக்குக் காகிதக் கப். கேட்டால் 'சுத்தம் சார், சுகாதாரம்' என்பார்கள்.

இனி கொரியாக் கடைக்கு வருகிறேன்.

ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1996இல். 1998இல் முதல் கார் வெளியே வந்தது. அதன் பின்னால் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலத்தோடு கொரிய எழுத்தும் சேர்ந்துகொண்டது. ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளமாக அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். எங்கள் காலனியிலிருந்தும் போகிறார்கள். என் மகளும் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். பதவி உயர்வு கிடைத்ததென்று எங்கள் ரெண்டு பேரையும் வரச் சொல்லி அந்தக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

வாசலில் எங்கம்மா நின்றுவிட்டாள். "உள்ள உக்காரலாமா?" என்றாள். என் மகள் சிரித்தாள். "பின்ன வெளியவா உக்காருவாங்க?" அவளுக்கு அந்தக் கேள்வியின் வயசு தெரியாது.

மூங்கில் தட்டில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தான். வெள்ளை வெளேரென்ற பன். டீக்கடைப் பன் மாதிரி சுட்டது இல்லை, ஆவியில் வெந்தது. நடுவில் மடித்து, வாய் பிளந்த மாதிரி, உள்ளே கறியும் கீரைத் தண்டும் காரமான ஒரு துவையலும் வைத்திருந்தார்கள். எங்கம்மா விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, இட்லியில கறிய வெச்சிக் குடுக்கறான்?"

"துன்னு பாரு ஆயா."

தின்று பார்த்தாள். மென்றாள். அவள் கண் சின்னதாயிற்று. "டேய், இது நம்ம கறிடா" என்றாள்.

நம்ம கறிதான். மகள் ஆர்டர் கொடுக்கும்போது 'பீஃப்' என்று சொன்னாள். பையனும் 'பீஃப்' என்று எழுதிக்கொண்டான். மூன்று பன் 390 ரூபாய். ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையில் சுற்றி, மேலே கீரைக்கட்டு வைத்து மறைத்து, தலை குனிந்து நாங்கள் வாங்கி வந்த கறி இங்கே விளக்கு வெளிச்சத்தில் 390 ரூபாய்க்கு உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷில் சொன்னால் அது நாகரிகம். தமிழில் சொன்னால் அது சாதி. கறி ஒன்றுதான்.

இந்த நாட்டில் கறி யார் வாயில் போகிறது என்பதைப் பொறுத்து அதற்குப் பெயர் மாறும். 2017 மே மாதம் மாட்டுச் சந்தைக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விழாவில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்ணில் காயம் படும்படி அடிக்கப்பட்டார். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. எங்கள் பக்கத்து ஊர் ஆம்பூர். அங்கே மாட்டுக்கறி பிரியாணி எவ்வளவு பெயர்போனது என்பது எல்லோருக்கும் தெரியும். திருவிழாப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கேள்வி எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது. எல்லாப் பிரியாணிக்கும் இடம் உண்டு, நம்முடையதைத் தவிர.

அந்தப் பன்னைப் பற்றி வீட்டுக்கு வந்தபிறகு தேடிப் படித்தேன். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பிறகு அமெரிக்க உதவிக் கோதுமை மாவு கொரியாவில் வந்து இறங்கியது. சோறு இல்லாத சனம் அந்த மாவில் பன் செய்து, உள்ளே சிவப்புப் பயறு வைத்து, ஆவியில் வேகவைத்துத் தின்றார்கள். ஏழைப்பட்டவர்களின் பண்டம். எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. எங்களுக்கும் அதே அமெரிக்காக்காரன் கோதுமைதான், 'கேர்' உப்புமாவாக. அங்கே பன்னாக வெந்தது, இங்கே உப்புமாவாகக் கிளறினார்கள். உப்புமா வாங்க எங்கள் பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கு வரிசை தனி.

இன்னும் படித்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. கொரியாவிலும் தீண்டாமை இருந்திருக்கிறது. 'பேக்ஜோங்' என்று ஒரு மக்கள். மாடு அறுப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், கூடை முடைபவர்கள். ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. ஓட்டு வீடு கட்டக் கூடாது. மற்ற ஆண்கள் போடும் தொப்பியைப் போடக் கூடாது. ஊர்க்காரன் வீட்டுச் சின்னப் பிள்ளையைக்கூட மரியாதை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பட்டு உடுத்தக் கூடாது.

பட்டு உடுத்தக் கூடாது என்ற வரியில் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். என் தம்பி பட்டுத்தறியில் உட்கார்ந்து முப்பது வருசம் ஆகிறது. எங்கள் தெருவில் தறி இறங்கியது எங்கள் காலத்தில்தான். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டும். சேலை முடிந்து எடுத்துக்கொண்டு போனால் முதலாளி வீட்டுத் திண்ணைப் படிவரைதான். அங்கே நின்று சேலையை நீட்டுவான். சேலை உள்ளே போகும். அவன் வெளியே நிற்பான். அந்தச் சேலை சாமிக்குச் சாத்தப் போகும், முகூர்த்தத்துக்குப் போகும். பட்டு மடியாம், அதற்குத் தீட்டே இல்லையாம். ஆயிரக்கணக்கில் புழுவைக் கொதிநீரில் போட்டுக் கொன்று எடுத்த நூலுக்குத் தீட்டு இல்லை. செத்த மாட்டைத் தூக்கி அப்புறப்படுத்திய எங்கள் தாத்தனுக்கு ஏழு தலைமுறைக்கும் தீட்டு. இந்தக் கணக்கை எந்தச் சாஸ்திரி வந்து விளக்கினாலும் எனக்கு விளங்காது.

கொரியாவில் 1894இல் சட்டம் போட்டு இந்தப் பிரிவை ஒழித்தார்கள். சட்டம் ஒழித்தது, ஊர் ஒழிக்கவில்லை. 1909இல் ஜின்ஜூ நகரத்து தேவாலயத்தில் பேக்ஜோங்குகளோடு சேர்ந்து உட்கார்ந்து செபம் பண்ண மாட்டோம் என்று மற்ற கிறிஸ்தவர்கள் எழுந்து போனார்கள். நம் சர்ச்சுகளில் சுவர் வைத்துப் பிரித்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். 1923 ஏப்ரலில் அதே ஜின்ஜூவில் அவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'ஹியோங்பியோங்சா'. தராசைச் சமமாக்கும் சங்கம் என்று பொருள். கறி நிறுக்கிற தராசு. எதை வைத்து இழிவுபடுத்தினார்களோ அதையே கொடியாக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவர்களிடம் இனிக் கறி வாங்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். எல்லா ஊரிலும் ஆதிக்கக்காரன் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

காலத்தைப் பாருங்கள். 1922இல் ஜப்பானில் புராகு மக்கள் கியோட்டோவில் கூடிச் சமத்துவச் சங்கம் கண்டார்கள். 1923இல் ஜின்ஜூ. அதே 1923இல் பொதுக் குளம், கிணறு எல்லோருக்கும் பொது என்ற போலே தீர்மானம் பம்பாய் சட்டசபையில் நிறைவேறியது. 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஒரே அஞ்சாறு வருசத்தில், மூன்று நாட்டில் மக்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

இன்றைக்கு கொரியாவில் யார் பேக்ஜோங் வம்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. போரில் ஊர் கலைந்து, சனம் இடம் மாறி, பட்டணம் பெருகி எல்லாம் கரைந்துவிட்டது. ஒரு கறிக்கடைச் சங்கிலியின் பெயரிலேயே 'பேக்ஜோங்' என்ற சொல் இருக்கிறது. அமெரிக்காவில்கூட அதற்குக் கிளை உண்டு. வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். வசவாக இருந்த சொல் பலகையில் ஏறி வியாபாரம் ஆகிவிட்டது. ஆரணி பஜாரில் நம் சாதிப் பெயரைப் போட்டு ஒரு கறிக்கடைப் பலகை தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அய்யர் மெஸ் தொங்கலாம், முதலியார் கடை தொங்கலாம், அவை ருசிக்கு அடையாளம். நம்முடையது தொங்கினால் கலவரம். கொரியாக்காரன் பெயரை மாற்றவில்லை. சாதியை ஒழித்தான், பெயர் வெறும் பெயராக மிஞ்சியது. நாம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறோம்.

ஆனால் அந்தக் கடையில் நடந்த முக்கியமான சங்கதியை இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் ரெண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் உள்ளே வந்தார்கள். என் மகளுக்கு மேலதிகாரி அந்த அம்மா. மகள் சட்டென்று எழுந்து வணக்கம் சொன்னாள். நல்ல அம்மாதான், சிரித்த முகம். எங்கம்மாவைப் பார்த்துக் கை குவித்தார். "உங்களுக்கும் ஆரணியாமே? எனக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கு. ஆரணியில எந்தத் தெரு?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாத தலித் கிடையாது. "டவுனை ஒட்டித்தான் மேடம்" என்றாள் மகள். "என்ன சாப்பிடறீங்க?" என்றார் அடுத்து.

"சிக்கன் மேடம்."

நான் தட்டைப் பார்த்தேன். எங்கம்மா அவளைப் பார்த்தாள். அந்த அம்மா எந்தக் கெட்ட எண்ணத்தோடும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் என்ன சாப்பிடுகிறவரோ, எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கணக்கப்பிள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கோழை கிடையாது. ஹாஸ்டலில் இருக்கும்போது தண்ணீர்ப் பிரச்சினைக்காக வார்டனை எதிர்த்து நின்றவள். ஆனால் சம்பளம் வேண்டும், வீட்டு வாடகை கட்ட வேண்டும், வீடு கொடுத்தவன்கூட 'நான்வெஜ் சமைப்பீங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுத்திருக்கிறான். நானே இருபத்தெட்டு வருசம் வாத்தியாராக இருந்தும் ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது மூடியை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். கூட்டத்தில் அம்பேத்கரைப் பேசிவிட்டு வந்து, மதியம் மூடியை மறைத்தேன். மகள் அதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டாள் என்று நான் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கம்மா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். காஞ்சிபுரம் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னாள், மகளிடம் சொல்வது போல: "நான் அன்னிக்கி இட்லிய ஏந்திக்கினு எழுந்து போனன். இது உக்காந்த எடத்துலியே எழுந்து போயிடுச்சி."

போன வாரம் மகள் போன் செய்தாள். அந்த மேடத்தின் தங்கைக்குக் கல்யாணம், ஆரணியில் பட்டு எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். சித்தப்பா தறிக்காரர் என்று இவள் சொல்லியிருக்கிறாள். தறியைப் பார்த்துவிட்டு, மதியம் நம் வீட்டிலேயே சாப்பிடுகிறோம் என்று அவர்களே சொன்னார்களாம். "இன்னா சமைக்கலாம் நைனா?" என்று கேட்டாள். குரலில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் எங்கம்மா போனை வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம நம்ம ஊட்ல இன்னா ஆக்குவோமோ அதான் ஆக்குவன். கூட இட்லி சுடறன். அவங்களுக்கு வாணான்னா குருமா வெச்சிக் குடுக்கறன், நல்லாத் துன்னட்டும். கேட்டா மட்டும் கோழின்னு சொல்ல மாட்டன். வர்றதுக்கு முன்ன நீயே சொல்லிடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சொல்லிப் பாக்கறன் ஆயா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. எங்கம்மா இட்லிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். மகளிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.